ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கலாமா?

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் 32 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து 2023-இல் ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னமும் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பஞ்சப்படி பாக்கியைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்து இதை ஓரம் வைத்துவிட வேண்டாம். அதைக் கேட்கச் சங்கம் இருக்கிறது. இது தட்டம்மை ஊசியைப் பற்றிய மடல். இன்னும் சரியாகச் சொன்னால், ஊசி போடாமல் நான் திருப்பி அனுப்பிய ஒரு குழந்தையைப் பற்றியது.

2019 மே மாதம், கடைசிப் புதன்கிழமை. புதன் என்றால் தடுப்பூசி நாள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பது ஐந்துக்குத் தட்டம்மை–ரூபெல்லா குப்பியில் கரைப்பானை ஊற்றிக் கலக்கி, லேபிள் மேல் நேரத்தைப் பேனாவால் எழுதினேன். (நாங்கள் இதை 'வயல்' என்போம். புதிதாக வந்த அங்கன்வாடி ஆயா ஒருத்தி, 'எத்தனை வயல் இருக்குன்னு அந்தம்மா கேட்கிறாங்க, நம்மகிட்ட ஏது நிலம்?' என்று முழித்தது தனிக்கதை.) கலந்த மருந்துக்கு ஆயுள் நாலு மணி நேரம். ஒன்று ஐந்துக்கு மிச்சத்தைக் கழிவில் போட்டுவிட்டுப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றே காலுக்கு அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தையின் தலைமுடியிலும் புருவத்திலும் செம்மண் தூள் படிந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, செங்கல் சூளைக்காரப் பெண். சூளை அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, மே மாத வெயிலில் நடந்துதான் வந்திருக்கிறாள். முந்தானையில் முடிந்திருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, நாலாக மடித்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். எழுத்தெல்லாம் ஒடியா. எனக்குத் தேதிகளை மட்டும்தான் ஒருவாறு ஊகிக்க முடிந்தது. பிறந்ததும் போட்டது இருந்தது, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போட்டவை இருந்தன. அதற்கப்புறம் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கணக்குப் போட்டால் குழந்தைக்குப் பதினாலு மாதம். அவள் தன் கையைத் தொட்டு, 'சூயி, சூயி' என்றாள்.

கேரியரில், அதாவது மருந்து கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியில், என்னிடம் இன்னும் மூன்று குப்பிகள் இருந்தன. ஐஸ் பேக் முழுதாக உருகவில்லை. சிரிஞ்ச் இருந்தது. மருத்துவரும் உள்ளே இருந்தார். நான் இருந்தேன். ஆனால் ஒரு குழந்தைக்காக ஐந்து பேர் மருந்துள்ள குப்பியைத் திறந்தால் நாலு பேர் மருந்து வீண். போன மாதக் கூட்டத்தில்தான் விரயக் கணக்கில் என் பெயர் மேலே இருக்கிறது என்று எழுப்பி நிற்க வைத்துக் கேட்டிருந்தார்கள். ஐம்பது பேர் முன்னால், ஐம்பத்தாறு வயதில். 'அடுத்த புதன் வா, சீக்கிரம் வா' என்று ஏழு விரலைக் காட்டி, கடிகாரத்தில் ஒன்பதைக் காட்டி அனுப்பினேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். மறுபடி ஐந்து கிலோமீட்டர்.

அடுத்த புதன் அவள் வரவில்லை. வியாழன் சாயங்காலம் நானே வண்டியை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனேன். கோடை மழை பிடித்துக்கொண்டதால் அந்த வருடம் சூளையைக் கொஞ்சம் முன்னதாகவே மூடிவிட்டார்கள். வேகாத கல் அடுக்குகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. குடிசைகளில் ஆளில்லை. அந்தக் குழந்தையின் பெயர்கூட என் பதிவேட்டில் இல்லை. ஊசி போட்டால்தானே பெயர் எழுதுவோம்.

'விழிப்புணர்வு இல்லை' என்று கோப்புகளில் எழுதுகிறீர்களே, அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நடை நினைவுக்கு வரும். ஊசி வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்க்காமல் இல்லை. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை தட்டம்மை–ரூபெல்லா ஊசி என்று நம் மாநிலத்தில் முகாம் போட்டோம். அப்போது வாட்ஸ்ஆப்பில் வந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, 'எங்கள் பிள்ளைக்குப் போடாதீர்கள்' என்று கடிதம் கொடுத்தனுப்பியவர்கள் யார்? கட்டணப் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்தவர்கள்தான் என் பகுதியில் அதிகம். சூளையிலிருந்து ஒருத்தர்கூட அப்படிக் கடிதம் கொடுக்கவில்லை. கொடுக்கத் தெரியாது என்பீர்கள். இருக்கட்டும். வேண்டாம் என்றவர்கள் வீட்டுக்கு மூன்று முறை, நாலு முறை அதிகாரிகளோடு போய்ப் பேசி ஊசி போட்டுவிட்டு வந்தோம். வேண்டும் என்று தானாக நடந்து வந்தவளைத் திருப்பி அனுப்பினோம்.

இந்த ஊசிக்கும் எனக்கும் ஒரே வயது. 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நான் பிறந்ததும் அந்த வருடம்தான். நம் நாட்டில் 1985-இல் தொடங்கிய பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அதைச் சேர்த்தார்கள். இரண்டாவது தவணை வந்தது 2010-இல்தான். அறுபது வருடப் பழைய ஊசி இது. விலை அதிகமென்றோ, கிடைப்பது அரிதென்றோ சொல்ல முடியாது. ஆனாலும் 2023-இல் உலகத்தில் 1,07,500 பேர் தட்டம்மையில் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். அந்த ஒரே வருடத்தில் முதல் தவணைகூடக் கிடைக்காமல் போன குழந்தைகள் 2 கோடியே 22 லட்சம். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2019-இல் மூன்று லட்சம் பேருக்கு மேல் தட்டம்மை கண்டதாகச் சந்தேகித்தார்கள், இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அதே சமயத்தில் அங்கே எபோலாவும் இருந்தது. அதில் இறந்தவர்கள் இரண்டாயிரத்து சொச்சம். ஆனால் கேமராக்கள் எல்லாம் எபோலா பக்கம்தான் திரும்பியிருந்தன. தட்டம்மை பழைய சாவு, செய்தியாகாது.

எங்கள் பக்கம் தட்டம்மை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மணல்வாரி என்பார்கள். உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும் என்பதால். நான் வேலையில் சேர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பங்குனி, சித்திரையில் தெருவுக்கு நாலு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். 'அம்மா வந்திருக்கா, உள்ளே வராதீங்க' என்று அர்த்தம். நகரத்திலிருந்து பயிற்சி முடித்து வந்த எனக்கு முதலில் அது மூடநம்பிக்கையாகத்தான் பட்டது. அப்புறம் புரிந்தது, அது ஒரு தனிமைப்படுத்தல் அறிவிப்பு. வெளியாள் வரக்கூடாது, வீட்டார் வெளியே போகக்கூடாது, தாளிதம் கூடாது. என்ன, வேப்பிலை கட்டும்போது காலம் கடந்திருக்கும். தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே அந்தக் குழந்தை மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. நோயுள்ள குழந்தை இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம்வரை காற்றிலேயே கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். சூளையில் ஒரு குடிசை எட்டடிக்கு எட்டடி. அதில் ஐந்து பேர் படுக்கிறார்கள். மிச்சத்தை நான் எழுத வேண்டாம்.

கிழவிகள் இன்னொன்றும் சொல்வார்கள்: 'மணல்வாரி போட்டு எழுந்த பிள்ளை அந்த வருஷம் தேறவே தேறாது.' அதையும் நான் அப்போது கண்டுகொள்ளவில்லை. இந்த நோய் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் எதிர்ப்பு ஞாபகத்தையே அழித்துவிடுகிறது என்று 2019-இல் ஆய்வுகள் வந்தன. முன்பு வந்துபோன நோய்களை எதிர்க்க உடம்பு கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துபோகிறது. அப்படியென்றால், மணல்வாரி இறங்கி நாலு மாதம் கழித்து வயிற்றுப்போக்கிலோ நெஞ்சுச் சளியிலோ போன பிள்ளைகளை நாங்கள் எந்தக் கணக்கில் எழுதினோம்? வயிற்றுப்போக்கு என்றும் நிமோனியா என்றும்தான் எழுதினோம்.

சரி, 2008-க்கு வருகிறேன். அந்த வருடம் ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நாலு குழந்தைகள் இறந்துபோயின. செய்தி வந்த அன்று நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் தெருவில் நடந்தபோது தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதற்கப்புறம் அரசு எடுத்த முடிவு உங்களுக்குத் தெரியும். ஊருக்குள்ளே போய், அங்கன்வாடியிலும் மரத்தடியிலும் ஊசி போட்டது நின்றது. இனி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவர் இருக்கும்போது மட்டும்தான் என்றானது. அந்த நேரத்தில் அது சரியான முடிவாகத்தான் எனக்கும் பட்டது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது. தனியாக, ஒரு வேப்பமரத்தடியில், ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம் எனக்கும் இருந்தது.

ஆனால் தூரம் யார் பக்கம் மாறியது என்று பாருங்கள். அதற்கு முன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடக்க வேண்டியதாயிற்று. எனக்கு நடக்கச் சம்பளம் உண்டு. அவர்களுக்கு நடந்தால் அன்றைய கூலி போச்சு. பைக் இருக்கும் வீட்டுக் குழந்தைகள் வந்தன. பாட்டி இருக்கும் வீட்டுக் குழந்தைகள் வந்தன. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், அரிசி ஆலையிலும் சூளையிலும் கிடக்கிறவர்கள் வீட்டுக் குழந்தைகள் அடுத்த புதன், அதற்கடுத்த புதன் என்று தள்ளிக்கொண்டே போயின. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005–06-இல் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் முழுதாகப் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு 80.9. பத்து வருடம் கழித்து, 2015–16-இல் 69.7. சத்துணவுக்கும் பிரசவத்துக்கும் முன்னுதாரணம் காட்டப்படும் மாநிலம் பதினொரு புள்ளி இறங்கியிருக்கிறது. அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு முடிவுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு வித்தியாசம் வரும். ஆனால் களத்தில் இருந்தவள் என்ற முறையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்வேன். 2019–21-இல் 89.2-க்கு ஏறியது. அதற்கு உழைத்தவர்களில் நானும் ஒருத்தி, பெருமைதான்.

ஒரு சாவுக்கப்புறம் பயந்து கதவை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு சமோவா தீவைச் சொல்வார்கள். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் ஊசி போட்டதும் இறந்தன. கரைப்பானுக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைக் கலந்துவிட்டார்கள் இரண்டு செவிலியர்கள். ஊசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். திரும்பத் தொடங்கியபோது மக்கள் வரவில்லை. அடுத்த வருடக் கடைசியில் தட்டம்மை வந்தது. மொத்தம் இரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். அப்புறம் அரசு என்ன செய்தது தெரியுமா? ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. அலுவலகங்களை மூடிவிட்டு, ஊழியர்கள் வண்டி வண்டியாக வீடு வீடாகப் போய், துணி தெரிந்த வீட்டில் எல்லாம் ஊசி போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வேப்பிலை ஞாபகம் வந்தது. வேப்பிலை 'வராதே' என்றது. அந்தச் சிவப்புத் துணி 'இங்கே வா' என்றிருக்கிறது. சூளைக் குடிசைகளில் அப்படி ஒரு துணியைக் கட்டச் சொன்னால் எத்தனை தொங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதுகாப்பைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு மணி நேர விதி ஒரு நிமிடம்கூட நீளக் கூடாது. அந்தக் குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எதுவும் கலப்பதில்லை. வைத்திருந்து போட்டால் ஊசியே விஷமாகும். 2017-இல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சை நாலு நாள் வைத்துக்கொண்டு, குளிர்ப்பெட்டியும் இல்லாமல் போட்டதில் 15 குழந்தைகள் இறந்தன. அவசர மருந்துப் பெட்டி கட்டாயம் வேண்டும், போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். இதெல்லாம் சூளை வாசலிலும் செய்யலாம். மருத்துவரும் பெட்டியும் வண்டியில் வரலாம். நாலு சக்கரம் உள்ள வண்டிகள் துறையிடம் இருக்கின்றன, அந்தப் பெண்ணிடம்தான் இல்லை.

கூட்டங்களில் திரையில் போடும் வரைபடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவட்டம் முழுக்கப் பச்சை. 95-க்கு மேல் பச்சை. தட்டம்மை பரவாமல் நிற்க நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் போயிருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் மிச்சம் ஐந்து பேர் குழம்பில் தாளித்த கடுகு மாதிரி ஊரெங்கும் சிதறியா இருக்கிறார்கள்? ஒரே வரிசைக் குடிசையில் இருக்கிறார்கள். ஒரே பாலத்தடியில், ஒரே மலைக் குடியிருப்பில். அங்கே போய்க் கணக்கெடுத்தால் 95 இல்லை, பாதிகூட இருக்காது. கிருமி மாவட்டச் சராசரியைப் பார்த்துவிட்டா வருகிறது?

2022 அக்டோபர், நவம்பரில் மும்பையில் நடந்தது இதுதான். பெரிய பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரம். தட்டம்மை வெடித்த இடம் கோவண்டி, தேவ்னார் குப்பைமேட்டை ஒட்டிய குடிசைப் பகுதி. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்குக் கூடுதல் தவணை என்று ஓடினார்கள். கொரோனாக் காலத்தில் விட்டுப்போன குழந்தைகள் என்றார்கள். கொரோனாவுக்கு முன் அந்தத் தெருக்களில் யார் போனார்கள் என்று நான் அங்கே வேலை பார்த்த ஒரு செவிலியரிடம் கேட்க ஆசைப்படுகிறேன்.

கணக்கிலேயே அவர்கள் இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று. இந்த ஐயாயிரத்தில் கார்த்திகைக்கு மேல் லாரியிலும் ரயிலிலும் வந்து இறங்கி வைகாசி, ஆனியில் திரும்பிப் போகும் ஒடிசாக் குடும்பங்கள் கிடையாது. ஊசி போட வேண்டிய குழந்தைகளின் பட்டியலான எங்கள் டியூ லிஸ்ட்டில் அவர்கள் பெயர் இருக்காது. இலக்கில் இல்லாத குழந்தைக்கு ஊசி போட்டால் அது எங்கள் சதவீதத்தில் ஏறாது. போடாவிட்டாலும் குறையாது. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, செவிலியர் தானாக அவர்களைத் தேடிப் போவாள் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது தவணை இன்னும் மோசம். ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி நூறு குழந்தையில் ஏறக்குறைய 85-க்குத்தான் பிடிக்கும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சிலரிடம் மிச்சம் இருந்து மருந்தைத் தடுத்துவிடும். அதனால்தான் பதினாறு மாதத்துக்கு மேல் இன்னொன்று. குழந்தை ஒன்பது மாதத்தில் ஒடிசாவின் பலாங்கிரில் இருக்கும், பதினாறாவது மாதம் நம் ஊரில் இருக்கும். அல்லது நேர்மாறாக. இங்கே கேட்டால் 'அங்கே போட்டிருப்பார்கள்', அங்கே கேட்டால் 'தமிழ்நாட்டில் போட்டிருப்பார்கள்'. தடுப்பூசிகளைப் பதியும் யு-வின் செயலியில் எந்த ஊரில் போட்டாலும் ஏறும் என்கிறீர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் கொடுக்கும் எண் பல வீடுகளில் மேஸ்திரியின் எண்ணாக இருக்கிறது. சீசன் முடிந்ததும் சிம்மும் மாறிவிடுகிறது. குறுஞ்செய்தி யாருக்குப் போகிறதோ.

இனி நான் கேட்பவை. பெரிய பணம் கேட்கும் விஷயங்கள் இல்லை.

முதலில் அந்தக் குப்பி. ஒரு குழந்தை வந்தாலும் திற என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயிற்சி வகுப்பிலும் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் பயிற்சி வகுப்பு வருடத்துக்கு ஒரு முறை, விரயத்துக்கு விளக்கம் கேட்கும் கூட்டம் மாதத்துக்கு ஒரு முறை. எது மனதில் நிற்கும்? ஆகவே நீங்கள் ஓர் உத்தரவு போட வேண்டும். எழுத்தில், ஒரே பக்கத்தில், தமிழில். ஒரு குழந்தைக்காகத் திறந்த குப்பிக்கு யாரும் விளக்கம் கேட்கக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். அதோடு, மாதக் கூட்டத்தில் 'எத்தனை டோஸ் வீணாச்சு' என்று கேட்கும் இடத்தில் 'எத்தனை குழந்தையைத் திருப்பி அனுப்பினீர்கள்' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நீங்கள் மாற்றினால் மூன்றே மாதத்தில் களம் மாறும், நான் எழுதித் தருகிறேன். காம்பியா நாட்டில் ஊசியே இல்லாமல் தோலில் ஒட்டும் தட்டம்மை–ரூபெல்லா மருந்துப் பட்டையைக் குழந்தைகளுக்குப் பரிசோதித்து, நன்றாக வேலை செய்வதாக 2024-இல் முடிவு வந்திருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு பட்டை, விரயம் என்ற பேச்சே இல்லை. வரட்டும், கும்பிட்டு வரவேற்போம். அது வரும்வரை குப்பியைத் திறக்கத்தான் வேண்டும்.

அடுத்தது நேரம். சூளையில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுக்கத் தொடங்குகிறார்கள். வெயில் ஏறும்வரை வேலை ஓடும். கணவன் மண் மிதிக்க, மனைவி அச்சில் அடிக்க, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஒருத்தர் எழுந்து போனால் இரண்டு பேர் வேலையும் நிற்கும். புதன் காலை ஒன்பது மணி நமக்கு வசதியான நேரம். அவர்களுக்கு அது வேலையின் நடுப்பகுதி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் தூங்கி எழுந்து, சமைத்துக்கொண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள். மாதத்தில் ஒரு மாலை போதும். டிசம்பர் தொடங்கி மே வரை ஆறு மாலைகள். கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் இதே கணக்குத்தான். நேரத்தை அங்கே இருக்கும் பெண்களிடம் கேட்டு வையுங்கள், முதலாளியிடம் கேட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவது, அந்த வரைபடத்தில் மாவட்டத்தின் நிறத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டு துணை சுகாதார நிலையம் வாரியாகக் காட்டுங்கள். வந்துபோகும் குடும்பங்களின் குழந்தைகளை அங்கே இருக்கும் மாதங்களில் அந்த நிலையத்தின் கணக்கில் சேருங்கள். சில இடங்கள் சிவப்பாகும். ஆகட்டும். அந்தச் செவிலியரைத் திட்டாமல் அவளுக்கு ஒரு வண்டியும் ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஓர் ஆளையும் கொடுங்கள். எனக்கு முப்பது வருடத்தில் தெரிந்த ஒரே ஒடியாச் சொல் 'மிலிமிலா'. தட்டம்மைக்கு அவர்கள் சொல்லும் பேர். அதை ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் சூளையில் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றுவிட்டார்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டி அத்தனையும் தமிழில் அச்சடித்து அவர்கள் குடிசைப் பக்கம் ஒட்டியிருந்தோம். அடுப்பெரிக்க உதவியிருக்கும்.

தட்டம்மையை 2026-க்குள் நாட்டிலிருந்து ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். முன்பு 2023 என்றார்கள், தள்ளிப்போயிற்று. பக்கத்தில் இலங்கை 2019-லேயே ஒழித்துச் சான்றிதழ் வாங்கியது. அப்புறம் 2023-இல் அங்கேயும் நோய் திரும்ப எட்டிப் பார்த்தது. எனக்கு அந்தச் சான்றிதழில் பெரிய ஆசை இல்லை. பதினாலு மாதத்தில் பார்த்த அந்தக் குழந்தை இருந்தால் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். ஒருவேளை பெற்றோரோடு ஏதோ ஒரு சூளையில் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கலாம். தம்பியோ தங்கையோ இடுப்பில் இருக்கலாம்.

இந்த வருடமும் லாரிகள் வரத் தொடங்கிவிடும். என் பழைய பகுதியில் மூன்று சூளைகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தார்ச்சாலை கிடையாது, ஏரிக்கரை மேல் போய் இடது பக்கம் இறங்க வேண்டும், கூகுள் வரைபடத்தில் வராது. புதிதாக வந்திருக்கும் செவிலியப் பெண்ணுக்கு வழி தெரியாது. கேரியரையும் வண்டியையும் நீங்கள் அனுப்பினால் நான் முன்னால் உட்கார்ந்து வழி காட்டுகிறேன். புதன்கிழமை வேண்டாம். எந்த நாளானாலும், மாலை நாலு மணிக்கு மேல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தி